ஸ்காபரோவுக்குப் போகுமுன்: பிள்ளைகளிடம் தங்கப் போவோருக்கு ஒரு வழிகாட்டி

கனடாவில் இருக்கும் பிள்ளைகளிடம் போய்ச் சில மாதங்கள் தங்கிவிட்டு யாழ்ப்பாணம் திரும்புகின்ற பெற்றோரிடம் அந்த ஊர் எப்படி என்று கேட்டால், குளிரைப் பற்றியும் வீட்டைப் பற்றியும்தான் பெரும்பாலும் விடை கிடைக்கிறது. மகனோ மகளோ காரில் ஏற்றிக்கொண்டு போன கோயில், கடை, கலியாண மண்டபம் ஆகியவற்றைத் தவிர வேறெதையும் அவர்கள் தாமாகப் பார்த்திருப்பதில்லை. பிள்ளைகள் வேலைக்குப் போன பின் யன்னலோரத்தில் மாலை வரை காத்திருந்ததே பலருடைய அனுபவம். இதற்கு வயதையோ ஆங்கிலத்தையோ குறை சொல்வது வழக்கம். போகின்ற இடத்தின் அமைப்பை முன்கூட்டியே விளங்கிக்கொள்ளாமற் போவதே உண்மையான காரணம் என்பது என் எண்ணம். நம்மவர்களுள் மிகப் பலர் வாழும் ஸ்காபரோ, அதன் அமைப்பை ஒருமுறை பிடித்துக்கொண்டவருக்கு மிக எளிதான ஊர். யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே, ஒரு கொப்பித் தாளையும் பேனையையும் வைத்துக்கொண்டு அதை எப்படிப் பிடித்துக்கொள்வது என்பதே இங்கு எழுதப்படுகிறது.

அது எப்படிப்பட்ட ஊர்

ஸ்காபரோ இன்று ரொறன்ரோ மாநகரத்தின் கிழக்குப் பகுதி. ஆனால் 1997 ஆம் ஆண்டின் கடைசி நாள் வரை அது தனக்கெனச் சபையும் முதல்வரும் வரவுசெலவுத் திட்டமும் கொண்ட தனி மாநகரமாக இருந்தது. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் பல குழப்பங்கள் தாமாகவே தீர்ந்துவிடும்.

இன்றைய ஒன்ராறியோ மாகாணத்தின் முன்னோடியான மேல் கனடாவின் துணை ஆளுநராக இருந்த ஜோன் கிரேவ்ஸ் சிம்கோவின் மனைவி எலிசபெத், 1793 இல் ஒன்ராறியோ ஏரிக்கரையில் செங்குத்தாக எழுந்து நின்ற வெளிர்நிற மேடுகளைக் கண்டு, இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் உள்ள ஸ்காபரோவின் நினைவாக இந்தப் பெயரை இட்டார். ஸ்கொட்லாந்திலிருந்து வந்த கல்வேலைக்காரரான டேவிட் தொம்சனும் அவருடைய மனைவி மேரியும் 1796 அளவில் காட்டை வெட்டிக் குடியேறினர். 1850 இல் அந்தப் பிரதேசம் ‘டவுன்ஷிப்’ என்ற நிலையில் தனிச் சபை பெற்றது. யாழ்ப்பாணம் 1949 இல் மாநகரசபையாக உயர்ந்தபோதும் ஸ்காபரோ டவுன்ஷிப்பாகவே, இடையிடையே சிற்றூர்களைக் கொண்ட பண்ணை நிலமாகவே இருந்தது. அதன் பின்னரே அது விரைந்து வளர்ந்தது. 1954 இல் ‘மெட்ரோ ரொறன்ரோ’ என்ற கூட்டமைப்பில் சேர்ந்து, பெரிய வீதிகள், குடிநீர் முதலிய பொதுக் காரியங்களை அந்தக் கூட்டமைப்பிடம் விட்டுவிட்டு, உள்ளூர்க் காரியங்களைத் தானே பார்த்துக்கொண்டது. 1967 இல் ‘பறோ’ என்றும் 1983 இல் மாநகரம் என்றும் அதன் தரம் உயர்ந்தது.

பின்னர் ஒன்ராறியோவின் மாகாண அரசு, பழைய ரொறன்ரோ, ஸ்காபரோ, நோர்த் யோர்க், எற்றோபிக்கோ, யோர்க், ஈஸ்ட் யோர்க் ஆகிய ஆறையும் ஒன்றாக இணைத்து ஒரே மாநகரமாக்கத் தீர்மானித்தது. 1997 மார்ச்சில் மக்களிடம் கருத்துக் கேட்கப்பட்டபோது, வாக்களித்தவர்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் வேண்டாம் என்றனர். அந்த வாக்கெடுப்பு அரசைச் சட்டப்படி கட்டுப்படுத்தவில்லை. மாகாண முதலமைச்சர் மைக் ஹரிஸின் அரசு இணைப்பை நிறைவேற்றியது. 1998 சனவரி 1 முதல் ஸ்காபரோவுக்குத் தனிச் சபை இல்லை. ஆயினும் அங்கு வாழ்பவர்கள் இன்றும் தம்மை ஸ்காபரோக்காரர் என்றே சொல்கிறார்கள். ரொறன்ரோவின் மையப்பகுதிக்குப் போவதை வேறோர் ஊருக்குப் போவதைப் போல ‘டவுன்ரவுனுக்குப் போகிறோம்’ என்கிறார்கள். அழிக்க முடியாத இந்த ஊர்ப்பற்றைச் சபை இணைப்பால் கரைக்க முடியவில்லை.

அதன் அளவும் நம்மவர்கள் நினைப்பதைவிடப் பெரிது. பரப்பு ஏறத்தாழ 188 சதுர கிலோமீற்றர்; மக்கள்தொகை ஆறு இலட்சத்துக்கும் மேல். ஆகையால் ‘பிள்ளை ஸ்காபரோவில் இருக்கிறான்’ என்று சொல்வது, வெளியூரவர் ஒருவருக்கு ‘வீடு வலிகாமத்தில் இருக்கிறது’ என்று வழி சொல்வதைப் போன்றது. அதற்கு மேல் இன்னும் இரண்டு பெயர்கள் தேவை.

இரண்டு வீதிகளின் பெயரைக் கேளுங்கள்

அந்த இரண்டு பெயர்களும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இரண்டு பெரிய வீதிகளின் பெயர்கள். நாம் ‘நாச்சிமார் கோயிலடி’ என்றும் ‘கல்வியங்காட்டுச் சந்தி’ என்றும் சொல்கின்ற இடத்தில், அங்குள்ள பிள்ளைகள் “நாங்கள் மார்க்கம் அண்ட் லோரன்ஸிலைதான் இருக்கிறம்” என்று தொலைபேசியில் சொல்வார்கள். மார்க்கம் வீதியும் லோரன்ஸ் வீதியும் சந்திக்கும் இடத்தின் அயல் என்பதே அதன் பொருள். மார்க்கம் என்ற பெயரில் வடக்கே தனி மாநகரம் ஒன்றும் இருப்பதால், வீதியைச் சொல்கிறார்களா ஊரைச் சொல்கிறார்களா என்பதையும் அப்போதே கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

இனித் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ் ஓரத்தில் ஏரியை வரைந்துவிடுங்கள், அது தெற்கு. இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டு அதற்கு விக்ரோறியா பார்க் என்று பெயரிடுங்கள். அதுவே பழைய மாநகரத்தின் மேற்கு எல்லை. மேல் ஓரத்தில் குறுக்காக ஒரு கோடு போட்டு ஸ்டீல்ஸ் என்று எழுதுங்கள். அது வடக்கு எல்லை. வலது ஓரத்தில் ரூஜ் ஆற்றுப் பள்ளத்தாக்கும் அதற்கப்பால் பிக்கரிங் என்ற ஊரும் இருக்கின்றன.

இப்போது விக்ரோறியா பார்க்குக்கு வலப்பக்கமாக, நெடுக்குக் கோடுகளாக, பார்மசி, வோர்டன், பேர்ச்மவுண்ட், கென்னடி, மிட்லண்ட், பிறிம்லி, மக்கோவன், மார்க்கம், மோர்னிங்சைட் என்று மேற்கிலிருந்து கிழக்காக வரிசைப்படுத்துங்கள். ஸ்டீல்ஸுக்குக் கீழே, குறுக்குக் கோடுகளாக, பிஞ்ச், ஷெப்பேர்ட், எல்ஸ்மெயர், லோரன்ஸ், எக்ளின்ரன் என்று வடக்கிலிருந்து தெற்காக எழுதுங்கள். ஷெப்பேர்ட்டுக்கும் எல்ஸ்மெயருக்கும் நடுவே 401 என்ற நெடுஞ்சாலை ஓடுகிறது; நடந்து கடக்க முடியாத சாலை என்பதால் அதைத் தடித்த கோடாகப் போடலாம். கடைசியாக, தென்மேற்கு மூலையிலிருந்து வடகிழக்கு நோக்கிச் சாய்வாகப் போகும் கிங்ஸ்ரன் வீதியை வரைந்துவிட்டால், படம் முடிந்தது. சிறு தெருக்கள் எதுவும் வேண்டாம். பண்ணைக் காலத்தில் நில அளவையாளர்கள் கயிறு பிடித்தாற் போல நேராகப் போட்ட எல்லைச் சாலைகளே இன்றைய பெருவீதிகள். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் வளர்ந்தவருக்கு இந்த நேர்கோடுகள் முதலில் வெறுமையாகத் தோன்றினாலும், வழி கண்டுபிடிக்க இவற்றைவிட வசதியானது இல்லை.

இந்தப் படத்தில் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. குறுக்கு வீதிகளுக்கு இடையே ஏறத்தாழ 2 கிலோமீற்றர் தூரம். நெடுக்கு வீதிகளுக்கு இடையே, சிறப்பாக மேற்குப் பாதியில், ஒரு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே லோரன்ஸிலிருந்து எல்ஸ்மெயருக்கு நடப்பது அரை மணிநேரக் காரியம். கென்னடியிலிருந்து மிட்லண்டுக்கு நடப்பது பத்துப் பன்னிரண்டு நிமிடக் காரியம். ‘அடுத்த சந்திதான்’ என்று யாராவது சொன்னால், எந்தத் திசையில் அடுத்த சந்தி என்று கேட்டுவிட்டுத்தான் நடக்கத் தொடங்க வேண்டும்.

நடப்பதைப் பற்றி இன்னும் ஒரு சொல். கனடாவில் வாகனங்கள் வீதியின் வலப்பக்கமாக ஓடுகின்றன. இங்கே வீதியைக் கடக்கையில் முதலில் வலது பக்கம் பார்த்துப் பழகிய கழுத்து அங்கே முதலில் இடது பக்கம் திரும்ப வேண்டும். அதற்கு மேல், சிவப்பு விளக்கு எரியும்போதும் வாகனமொன்று நின்று பார்த்துவிட்டு வலப்புறம் திரும்பலாம் என்பது ஒன்ராறியோவின் சட்டம். உங்களுக்கு நடக்கும் விளக்கு எரிந்தாலும் திரும்பி வரும் காரின் சாரதி உங்களைக் கண்டுவிட்டாரா என்று பார்த்த பிறகே காலை வையுங்கள். ஆறு நிரல் கொண்ட வீதியை விளக்கில்லாத இடத்தில் குறுக்கே கடப்பதை எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது.

முகவரியை வாசித்தல்

பிள்ளையின் முகவரி எழுதிய கடித உறையொன்று வீட்டில் இருக்கும்; அதை எடுத்துப் பாருங்கள். சிலர் ‘ஸ்காபரோ, ஒன்ராறியோ’ என்றும் வேறு சிலர் ‘ரொறன்ரோ, ஒன்ராறியோ’ என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் போய்ச் சேரும். மாநகரம் இல்லாமற்போய்க் கால் நூற்றாண்டு கடந்தும் அதன் பெயர் தபாலில் வாழ்கிறது. ஏனெனில் கடிதம் எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது தபாற் குறியீடே. ஸ்காபரோவின் தபாற் குறியீடுகள் எல்லாம் ‘எம்1’ என்று தொடங்குகின்றன. அரசாங்கப் படிவங்களில் நகரம் என்ற இடத்தில் ரொறன்ரோ என்று எழுதுவதே முறை.

குறியீடு ஓர் எழுத்து, ஓர் இலக்கம், ஓர் எழுத்து, பின் ஓர் இடைவெளி, மீண்டும் ஓர் இலக்கம், ஓர் எழுத்து, ஓர் இலக்கம் என்ற ஒழுங்கில் அமையும். கனடாவின் தபாற் குறியீடுகளில் டி, எஃப், ஐ, ஓ, கியூ, யூ ஆகிய ஆறு ஆங்கில எழுத்துகளும் பயன்படுத்தப்படுவதில்லை. ஆகவே கையெழுத்தில் வட்டமாக இருப்பது ‘ஓ’வா பூச்சியமா என்று ஐயம் வந்தால், அது பூச்சியம்தான். மிளகாய்த் தூளும் ஒடியல் மாவும் பொதி செய்து அனுப்புகின்றவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொண்டால், பொதி வேறெங்காவது சுற்றித் திரிவதைத் தவிர்க்கலாம். அடுக்குமாடியில் இருப்பவர்களின் வீட்டு இலக்கம், கட்டட இலக்கத்துக்கு முன்னால் ஒரு சிறு கோட்டுடன் வரும். அந்தக் கோட்டை விட்டுவிட்டு இரண்டு எண்களையும் சேர்த்தெழுதினால் அப்படி ஒரு கட்டடமே இராது.

‘கிழக்கு’ என்ற சொல்லையும் விட்டுவிடக் கூடாது. லோரன்ஸ், எக்ளின்ரன், ஷெப்பேர்ட், பிஞ்ச் போன்ற குறுக்கு வீதிகள் நகரத்தின் நடுவிலுள்ள யங் வீதியில் தொடங்கி இரு திசைகளிலும் நீள்கின்றன. கட்டட இலக்கங்களும் அங்கிருந்தே எண்ணப்படுகின்றன. ஸ்காபரோவுக்கு வந்து சேரும்போது இலக்கம் ஆயிரங்களில் இருக்கும். உதாரணமாக, மார்க்கம் வீதிச் சந்தியிலுள்ள சீடர்பிரே மோலின் முகவரி 3495 லோரன்ஸ் கிழக்கு. எல்ஸ்மெயர் மட்டும் விதிவிலக்கு: அது ஸ்காபரோவுக்குள்ளேயே இருப்பதால் அதற்குக் கிழக்குமில்லை, மேற்குமில்லை. இன்னொரு பொறி, டன்போர்த் அவெனியூவும் டன்போர்த் ரோட்டும். முதலாவது நகரத்திலிருந்து வரும் நேர்வீதி. இரண்டாவது அதிலிருந்து பிரிந்து ஸ்காபரோவுக்குள் சாய்வாக ஏறிப் போகும் வேறு வீதி. இரண்டையும் ‘டன்போர்த்’ என்று சுருக்கிச் சொல்லும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. வாடகைக் காரில் ஏறுகிறவர் முழுப் பெயரையும் சொல்ல வேண்டும்.

பேருந்து

வீதி வரிசையைப் பாடமாக்கியவர்களுக்குப் பேருந்து தனியாகக் கற்க வேண்டிய விடயம் அன்று. பெரிய வீதி ஒவ்வொன்றிலும் அதன் பெயரையே தாங்கிய பேருந்து மேலும் கீழும் ஓடுகிறது: லோரன்ஸ் கிழக்கில் 54, மார்க்கம் வீதியில் 102, கென்னடியில் 43, பிஞ்ச் கிழக்கில் 39. இரண்டு வீதிகளின் சந்தியில் இறங்கி மற்றைய வீதியின் பேருந்தில் ஏறினால், ஸ்காபரோவின் எந்த மூலைக்கும் பெரும்பாலும் இரண்டு பேருந்துகளிலே போய்விடலாம்.

நடத்துநர் கிடையாது. காசாகக் கொடுத்தால் பெட்டியில் போடும் தொகை சரியாக இருக்க வேண்டும், மிச்சம் தரமாட்டார்கள். ஆகையால் ‘பிறஸ்ரோ’ என்ற பயணக் கட்டண அட்டை ஒன்றை எடுத்து, 65 வயதைக் கடந்தவராயின் அதை முதியோர் கட்டணத்துக்கு மாற்றித் தரும்படி பிள்ளையிடம் சொல்லுங்கள். மாற்றாத அட்டை முழுக் கட்டணத்தையும் கழித்துக்கொண்டே இருக்கும். ஒருமுறை அட்டையைத் தொட்டால் இரண்டு மணி நேரத்துக்கு எந்தப் பேருந்திலும் ஏறி இறங்கலாம். மரக்கறி வாங்கப் போய் அதற்குள் திரும்பிவிட்டால் ஒரே கட்டணம்தான்.

பழைய வரைபடத்தையோ பல ஆண்டுகளுக்கு முன் போய்வந்தவரின் நினைவையோ நம்புகின்றவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கென்னடி நிலையத்திலிருந்து ஸ்காபரோவின் நடுப்பகுதிக்கு 1985 இலிருந்து ஓடிய சிறு தொடருந்து இப்போது இல்லை. 2023 சூலை 24 அன்று அதன் கடைசிப் பெட்டி தடம் புரண்டதோடு அந்தச் சேவை நிரந்தரமாக மூடப்பட்டது. பதிலாகப் பேருந்துகள் ஓடுகின்றன. நிலக்கீழ் தொடருந்தை ஷெப்பேர்ட்–மக்கோவன் சந்தி வரை நீட்டும் வேலை நடக்கிறது. தமக்கென்று சபை இருந்திருந்தால் இப்படிக் காக்க வைத்திருப்பார்களா என்று கேட்கும் ஸ்காபரோக்காரர்கள் பலர். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

எந்தச் சந்தியில் எந்த மொழி

ஸ்காபரோவில் வாழ்பவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் கனடாவுக்கு வெளியே பிறந்தவர்கள். தமிழ், மாண்டரின், கன்டனீஸ், தகலொக், உருது, வங்காளம், குஜராத்தி, அரபு, பாரசீகம் எல்லாம் ஒரே பேருந்தில் காதில் விழும். ஆனால் அவை எல்லா இடத்திலும் ஒரே அளவில் கலந்து கிடக்கவில்லை. வரைந்து வைத்த படத்தில் அவற்றையும் குறித்துக்கொண்டால் கடைத்தெருவுக்குப் போவது சுவையாகிவிடும்.

ஷெப்பேர்ட் வீதியில், மிட்லண்ட், பிறிம்லி ஆகியவற்றின் அயலில் உள்ள அஜின்கோர்ட், முன்பு ஆங்கிலேய, ஸ்கொட்லாந்துக் குடும்பங்களின் சிற்றூர். 1980களில் ஹொங்கொங்கிலிருந்து வந்தவர்கள் அங்கே குடியேறினர். 1984 இல் ‘டிராகன் சென்ரர்’ என்ற சீனக் கடைத்தொகுதி திறந்தபோது, வாகன நெரிசலைச் சாட்டாக வைத்துப் பழைய குடிகள் கடுமையாக எதிர்த்தார்கள். அந்தச் சலசலப்பு அடங்கிவிட்டது. சீனக் கடைகள் நிலைத்துவிட்டன. மீன் வாங்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது, முதலில் அந்தப் பக்கம் போங்கள் என்பதே. தொட்டியில் உயிரோடு நீந்தும் மீனைக் கையால் காட்டினால் பிடித்து வெட்டித் தருவார்கள், மொழி வேண்டியதில்லை. லோரன்ஸ் வீதியின் மேற்குப் பகுதியான வெக்ஸ்போர்ட்டில் அரபு மொழிப் பெயர்ப்பலகைகளும் ரொட்டி அடுப்புகளும் நிறைந்திருக்கின்றன. தென்மேற்கு மூலையில் டன்போர்த் அவெனியூ விக்ரோறியா பார்க்கைச் சந்திக்கும் பக்கம் வங்காளிகளுடையது; புழுங்கலரிசியும் ஆற்று மீனும் அங்கே கிடைக்கும்.

தமிழ் கேட்க வேண்டுமானால் மார்க்கம் வீதி வழியே மேலும் கீழும் போனால் போதும். எக்ளின்ரன், லோரன்ஸ் சந்திகளிலிருந்து ஸ்டீல்ஸ் வரை, ‘பிளாசா’ என்று எல்லோரும் சொல்லும், முன்னால் வாகனத் தரிப்பிடம் கொண்ட கடைவரிசைகளில் நம்முடைய பலசரக்குக் கடைகளும் நகைக்கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் இருக்கின்றன. கனடியத் தமிழர் பேரவை 2015 இலிருந்து நடத்திவரும் தெருவிழாவும் ஆகஸ்ட் மாதக் கடைசியில் இந்த வீதியை மறித்தே நடப்பது வழக்கம்.

நம்மவர்கள் முதலில் வந்து இறங்கியது ஸ்காபரோவில் அன்று. 1983 ஆம் ஆண்டின் இனக்கலவரத்தின் பின்னர் போனவர்களுள் பலர், ரொறன்ரோவின் மையத்தில் பார்லிமென்ட்–வெலஸ்லி சந்தியின் அயலில் உள்ள சென் ஜேம்ஸ் டவுன் அடுக்குமாடிகளில் நெருக்கமாக இருந்தார்கள். 1986 ஆகஸ்டில் 155 தமிழர்கள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அருகே மீட்கப்பட்ட செய்தியை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும், பெருவீதிகளை ஒட்டி 1960களிலும் 1970களிலும் கட்டப்பட்ட ஸ்காபரோவின் பெரிய அடுக்குமாடிகளுக்கும், பின்னர் நிலவறை உள்ள தனி வீடுகளுக்கும் குடிபெயர்ந்தார்கள். நிலவறையை வாடகைக்கு விட்டு வீட்டுக் கடனைக் கட்டிய தலைமுறை அது. 2011 இல் ஸ்காபரோ–ரூஜ் ரிவர் தொகுதியிலிருந்து ராதிகா சிற்சபைஈசன் கனேடிய நாடாளுமன்றத்துக்குத் தெரிவான முதல் தமிழர் ஆனார். 2015 இல் அயல் தொகுதியிலிருந்து கரி ஆனந்தசங்கரி தெரிவானார். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கை அமைவதற்கு நம்மவர்கள் 30 இலட்சம் கனேடிய டொலர் சேர்த்துக் கொடுத்தார்கள்.

கோயில்களைப் பற்றிப் பிள்ளைகள் சொல்லாமல் விடுவது ஒன்று: அவற்றுட் பல, தொழிற்சாலைகளுக்கும் களஞ்சியங்களுக்கும் நடுவே, முன்பு தொழிற்கூடமாக இருந்த தட்டைக் கூரைக் கட்டடங்களுக்குள் தொடங்கப்பட்டவை. வெளியே நின்று பார்த்தால் கோயில் என்று தெரியாத இடத்திலும் உள்ளே நாதஸ்வரம் கேட்கும். பேர்ச்மவுண்ட் வீதியில் கனடா கந்தசுவாமி கோயிலும், கென்னடி வீதியில் வரசித்தி விநாயகர் கோயிலும் இருக்கின்றன. இரண்டுக்கும் அந்தந்த வீதியின் பேருந்திலே போகலாம். ‘கோயிலுக்கு யார் கூட்டிக்கொண்டு போவது’ என்று ஞாயிறு வரை காத்திருக்கத் தேவையில்லை.

தமிழில் உதவி கிடைக்கும் இடங்கள்

முதலில் நூலகம். இணைப்புக்கு முன் ஸ்காபரோவுக்குத் தனி நூலகச் சபை இருந்தது. அது கட்டிய கிளைகளே இன்றும் பெரும்பாலும் ஊர் முழுவதும் பரந்திருக்கின்றன. பேர்ச்மவுண்ட் வீதியிலுள்ள ஒரு கிளை, முன்னாள் முதல்வர் அல்பேர்ட் கம்பெலின் பெயரையே தாங்குகிறது. சீடர்பிரே, மல்வேர்ன் உட்படப் பல கிளைகளில் தமிழ் நூல்களுக்கென்று தனித் தட்டுகள் உண்டு. உள்ளே போய் இருந்து வாசிக்க அட்டையோ கட்டணமோ வேண்டாம். பல கிளைகளில் ஆங்கிலம் பேசிப் பழகும் வட்டங்கள் இலவசமாக நடக்கின்றன. குளிர்காலத்தில் ஒரு முதியவருக்கு இதைவிட நல்ல பகற்பொழுது அந்த ஊரில் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

மாநகரச் சேவை தொடர்பாக எதையும் கேட்க 311 என்ற இலக்கத்தையும், சமூக சேவைகளைப் பற்றி அறிய 211 ஐயும், அவசரத்துக்கு 911 ஐயும் அழைக்கலாம். மூன்றிலும் ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். தொலைபேசியை வைத்துவிடாமல் காத்திருப்பதுதான் முக்கியம்.

‘ஸ்காபரோ ஆஸ்பத்திரி’ என்று ஒன்று இல்லை, மூன்று இருக்கின்றன. லோரன்ஸ்–மக்கோவன் சந்தியில் ஜெனரல், பிஞ்ச்–பேர்ச்மவுண்ட் சந்தியில் பேர்ச்மவுண்ட், எல்ஸ்மெயர்–நீல்சன் சந்தியில் சென்ரினரி. மூன்றும் இப்போது ஒரே நிருவாகத்தின் கீழ் ஒரே பெயரைத் தாங்குவதால், எந்தச் சந்தி என்று சேர்த்தே சொல்ல வேண்டும். விருந்தினராகப் போகின்றவருக்கு ஒன்ராறியோவின் பொதுக் காப்புறுதி இல்லை. பெற்றோருக்கான ‘சுப்பர் விசா’வுக்குக் குறைந்தது 100,000 கனேடிய டொலர் பெறுமதியான தனியார் மருத்துவக் காப்புறுதி கேட்கப்படுவது இதனாலேயே. அந்தப் பத்திரத்தின் பிரதி பிள்ளையின் மின்னஞ்சலில் மட்டும் இருந்தால் போதாது. உங்கள் கைப்பையிலும் இருக்க வேண்டும்.

பழைய மாநகரத்தின் நடுவிடம்

பிறிம்லிக்கும் மக்கோவனுக்கும் இடையே, 401 நெடுஞ்சாலைக்குத் தெற்கே, ஸ்காபரோ சிவிக் சென்ரர் நிற்கிறது. கட்டடக் கலைஞர் ரேமண்ட் மொரியாமா வடிவமைத்து 1973 இல் எலிசபெத் மகாராணி திறந்து வைத்த மாநகர மண்டபம் அது. வெள்ளை நிறத்தில் படிப்படியாக ஏறும் தளங்கள், உள்ளே கூரை வரை திறந்த நடுமண்டபம். எந்த மூலையில் நின்றாலும் அலுவலர்கள் வேலை செய்யும் மாடங்கள் கண்ணுக்குத் தெரியும். அது நிற்கும் தெருவின் பெயர் பறோ டிரைவ். ஸ்காபரோ ‘பறோ’வாக இருந்த பதினாறு ஆண்டுகளின் மிச்சம் அந்தப் பெயர். முதல்வரின் ஆசனம் போய்விட்டாலும், ரொறன்ரோ மாநகரசபையின் 25 வட்டாரங்களுள் ஸ்காபரோவுக்குரிய ஆறின் உறுப்பினர்களும் ‘சமுதாயச் சபை’யாகக் கூடி, அயல் வீதிகள், மரங்கள், வாகனத் தரிப்பு முதலிய உள்ளூர்க் காரியங்களைப் பேசுவது இந்த மண்டபத்தில்தான். பொதுமக்கள் போய் இருந்து பார்க்கலாம். பக்கத்திலே பெரிய கடைத்தொகுதி, பேருந்து நிலையம், 2015 இல் திறந்த நூலகக் கிளை எல்லாம் நடக்கும் தூரத்தில் உள்ளன. தனியாகப் போய்வரும் முதற் பயணத்துக்கு நான் இந்த இடத்தையே சொல்வேன். எந்தப் பக்கமிருந்தும் பேருந்து வந்து சேரும், எந்தப் பக்கத்துக்கும் திரும்பிப் போகலாம்.

கோடையில் போகின்றவர்கள் பிறிம்லி வீதியின் தென்கோடியில் ஏரிக்கரை மேடுகளைக் கீழிருந்து பார்க்க வேண்டும். உயர்ந்த இடத்தில் அவை நீரிலிருந்து 90 மீற்றர் வரை எழுகின்றன. விளிம்பு இடிந்து விழும் மண்ணாதலால் மேலே வேலியைத் தாண்டக் கூடாது. லோரன்ஸுக்கு வடக்கே, அதே பிறிம்லியில், தொம்சன் குடும்பத்தின் பெயரிலுள்ள பூங்காவில் ஸ்காபரோ அருங்காட்சியகம் இருக்கிறது. லோரன்ஸ்–பெலமி பக்கமுள்ள தேபர் ஹில் என்ற சிறு குன்றுக்கும் ஒருமுறை போய் வரலாம். 1956 இல் அதை வெட்டியபோது, ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன் அங்கு வாழ்ந்த பழங்குடி மக்கள் நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் ஒன்றாக அடக்கப்பட்டிருப்பது தெரியவந்தது. அது புனித நிலம்; அமைதியாகப் பார்த்துவிட்டு வரவேண்டும்.

ஸ்டீல்ஸ் வீதியைக் கடந்தால் மார்க்கம் மாநகரம். சபை வேறு, வரி வேறு, பேருந்து நிறுவனமும் வேறு. கென்னடி–ஸ்டீல்ஸ் சந்தியின் வடபக்கத்திலுள்ள பசிபிக் மோல் அந்தப் பக்கத்தைச் சேர்ந்தது. முன்பு இந்த எல்லையில் பேருந்து மாறும்போது இரண்டாம் கட்டணம் கொடுக்க வேண்டியிருந்தது. 2024 பெப்ரவரியிலிருந்து அட்டை மூலம் செலுத்துவோருக்கு அது நீங்கிவிட்டது.

புறப்படுவதற்கு முன்னுள்ள வாரத்தில் பிள்ளையைத் தொலைபேசியில் பிடித்து ஐந்து காரியங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: வீட்டுக்கு மிக அண்மையிலுள்ள இரண்டு பெருவீதிகள் எவை, அவற்றில் ஓடும் பேருந்துகளின் இலக்கங்கள் என்ன, இறங்க வேண்டிய தரிப்பின் பெயர் என்ன, மூன்று ஆஸ்பத்திரிகளுள் எது பக்கம், எந்த நூலகக் கிளை பக்கம். அவற்றை நீங்கள் வரைந்த படத்தின் பின்புறத்தில், முழு முகவரியோடும் பிள்ளையின் இலக்கத்தோடும், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கடவுச்சீட்டோடு வையுங்கள். கைத்தொலைபேசியில் எல்லாம் இருக்கிறதே என்று பிள்ளை சொல்வார்; கடுங்குளிரில் அதன் மின்கலம் சொல்லாமற் கொள்ளாமல் இறங்கிவிடும் என்பதால், வெளியே போகும்போதெல்லாம் அந்தத் தாள் மேலங்கியின் உட்பையில் இருக்க வேண்டும்.